ஒன்பதாம் பெட்டி

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று முதல் நாளே இருவரும் தடுமாறினார்கள். பிறகு ஒரே நேரத்தில் சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

குருவின் பெயர் ஜெனோவா. குமரி மாவட்டத்துக்காரர். மலைமேல் ஒரு சின்ன பஜாரில் பழைய ஏலக்காய் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, மண் சரியப்போவதை முன்கூட்டியே சொல்லும் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சரிவில் ஒரு மரக்கட்டையை நட்டு அதில் பெட்டியைத் திருகிவிட்டால் போதும். கட்டை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அங்கே எவ்வளவு குளிர் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்குக்குச் சொல்லும். கட்டை சாய்ந்தால், சரிவுக்குக் கீழே லைன் வீடுகளில் இருக்கும் தேயிலைத் தொழிலாளர்களை வெளியேற்றிவிடலாம்.

சீடரின் பெயர் வைரவன். போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர். மெமோ வாங்காததை அவர் சொல்லாத நாள் கிடையாது. ஆமாம் என்பதற்கு இன்னமும் 'ரோஜர்' என்றுதான் சொல்வார். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறேன் என்று தானாக வந்து நின்றார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆன்டெனா எங்க மேடம்?"

ஜெனோவா உள்ளே இருந்த சர்க்யூட் பலகையின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் இருந்த ஒன்றைக் காட்டினார்.

"நாங்க எண்பதடி டவர் ஏத்தி நிப்பாட்டுவோம் மேடம். இத்தனூண்டு சாமான், அதுவும் பெட்டிக்குள்ளயே. இது ஏழு கிலோமீட்டர் போகுமா?"

"வெளிய நீட்டினா குரங்கு பிடுங்குது சார். போன வருஷம் இருபது பிடுங்கிச்சு."

"அது சரி. எப்படிப் போகும்?"

ஜெனோவா மேஜையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு முள் மீட்டரை வைத்தார். பக்கத்தில் ஒரு பலகையை வைத்து, அதை விடாமல் பேச விட்டார். மீட்டரின் முள் லேசாக அசைந்து மறுபடி படுத்தது.

"கையில எடுங்க சார்."

வைரவன் எடுத்தார். முள் எழுந்து சிவப்புக் கோட்டில் போய் நின்றது.

"கீழ வைங்க."

வைத்தார். முள் படுத்துவிட்டது.

"இதுல ஆன்டெனா எது சார்?"

வைரவன் புளியங்கொட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப நீங்க கையை எடுத்ததும் முள் ஏன் விழுந்துச்சு?"

வைரவன் தன் கையைப் பார்த்தார். "பிடிச்ச கையும் ஆன்டெனாதான் சார்" என்றார் ஜெனோவா. கை படாமலே முள் எழும்படி, கடுகு அளவில் இருந்த ஒரு சுருளைச் சூடுவைத்துக் கழற்றி, வேறொன்றை ஒட்டி, பலகையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதை எடுத்துக்கொண்டு கிடங்கின் கோடியில் இருந்த அறைக்குப் போனார்.

அந்த அறையில் ஒரு மர ஸ்டூலைத் தவிர எதுவும் இல்லை. ஸ்டூல் மேல் பெட்டியை வைத்தார். எதிர்ச் சுவரில் இருந்த தட்டில் முள் மீட்டரை வைத்தார். இருவரும் வெளியே வந்தார்கள். ஜெனோவா கதவைச் சாத்தினார். கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியே உள்ளே பார்க்கச் சொன்னார்.

"என்ன மேடம் இது? செத்தவங்களுக்குப் படையல் போட்டுட்டு, சாப்பிடட்டும்னு கதவைச் சாத்திட்டு வெளிய வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்று வைரவன் சிரித்தார்.

ஜெனோவா சிரிக்கவில்லை.

"மலையில அது தனியா இருக்கும் சார். நாம பக்கத்துல இல்லாதப்ப எப்படி இருக்குன்னுதான் பார்க்கணும்."

உள்ளே முள் எழுந்து சிவப்புக் கோட்டில் நின்றது.

கதவுக்கு வெளியே ஒரு ரெஜிஸ்டர் தொங்கியது. பெட்டி எண், முள் நின்ற இடம், அப்புறம் ஒரு வாக்கியம். கண்ணாடி வழியே பார்த்த பிறகு, 'உள்ளே யாரும் இல்லை' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்து வைத்தால் என்ன என்று வைரவன் கேட்டார். அச்சடித்தால் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்று ஜெனோவா சொன்னார்.

"ரோஜர்" என்றார் வைரவன்.

நாலு மாதத்தில் வைரவன் வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டார். கையும் நடுங்காது, கண்ணும் பழுதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் வெள்ளிக்கல் எஸ்டேட்டுக்குப் பன்னிரண்டு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஜெனோவாவின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் ஊருக்குப் போனார். பெட்டிகளை வைரவனிடம் விட்டுப் போனார்.

முதல் பெட்டியை வைரவன் அறையில் வைத்துத்தான் பார்த்தார். முள் கோட்டுக்கு வரவில்லை. எடுத்து வந்து சுருளை மாற்றி, மறுபடி கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்தினார். மறுபடியும் வரவில்லை. இப்படி ஒரு பெட்டிக்கே ஏழு நடை ஆகும், எட்டு நடை ஆகும். மொத்தம் பன்னிரண்டு பெட்டி.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. என் கை எவ்வளவு ஏற்றுகிறது என்று எனக்குத் தெரியாதா, முப்பத்தைந்து வருடம் இதைத்தானே செய்தேன், கையிலேயே வைத்துப் பார்த்து என் கை ஏற்றுவதை மனதில் கழித்துக்கொண்டால் போயிற்று. இந்தத் தொழிலில் கை பழகியவர்களுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை இது. புதிதாக வந்தவனுக்கு அந்தத் தைரியம் வராது.

பன்னிரண்டையும் கையிலேயே வைத்து முடித்தார். ரெஜிஸ்டரில் பன்னிரண்டு வரி எழுதினார். பன்னிரண்டு இடத்திலும் 'உள்ளே யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறைக் கதவு அதற்குப் பிறகு பூட்டியே இருந்தது.

எஸ்டேட்டில் அவருக்கு வழிகாட்டியாக வந்தவன் வாட்ச்மேன் தவசி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான், கேட்டால் மட்டும் பேசுவான். கட்டைகளை அவன் நட்டான், பெட்டிகளை வைரவன் திருகினார். ஒவ்வொரு பெட்டியையும் திருகியதும், ஊரிலிருந்து திரும்பிக் கிடங்கில் இருந்த ஜெனோவாவுக்குப் போன் போட்டார்.

"கேக்குதா மேடம்?"

"நல்லா கேக்குது சார்."

தவசி ஒன்பதாம் பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"நான் புடிச்சுக்கிட்டு நின்னா அங்க தெரியுமா சார்?"

"தெரியும் தெரியும். உன் கைச் சூடுகூடத் தெரியும்."

"நல்லது சார்" என்றான் தவசி. ஏன் நல்லது என்று வைரவன் கேட்கவில்லை.

அவர்கள் சரிவை விட்டு இறங்கிய ஒரு மணி நேரத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் நாலாம் பெட்டி, பிறகு ஒன்பதாம் பெட்டி, பிறகு பன்னிரண்டாம் பெட்டி, அப்படியே மற்றவையும். சில பெட்டிகள் எப்போதாவது ஒரு வார்த்தை பேசின. ஒன்பதாம் பெட்டி பேசவே இல்லை.

மறுநாள் வைரவன் மறுபடி போனார். பெட்டியில் கை வைத்தபடி போன் போட்டார்.

"கேக்குதா?"

"கேக்குது சார்."

இறங்கினார். அடங்கிவிட்டது. இப்படியே மூன்று வாரத்தில் ஐந்து தடவை ஏறி இறங்கினார். ஐந்தாம் தடவை தவசி மெதுவாகச் சொன்னான்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீக. ஆளு பக்கத்துல இருந்தாத்தான் இது பேசுது. நீங்க இல்லாதப்ப நான் ஒருவாட்டி வந்து புடிச்சுக்கிட்டு நின்னேன். கீழ சூப்பரவைசர் போன்ல பாத்துட்டு, ஒம்போது பேசுதுன்னாரு. கைய எடுத்தேன். நின்னு போச்சு."

"உனக்குப் பேய் பயம் வந்திருச்சு தவசி" என்றார் வைரவன்.

அன்று மத்தியானம் மூடுபனி இறங்கி, தவசியின் முகம் பாதிதான் தெரிந்தது. அவன் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கிடங்குக்குத் திரும்பியதும் ஜெனோவா கேட்டார்.

"அறையில வச்சுப் பார்த்தீங்கல்ல சார்?"

"பார்த்தேன் மேடம். ரெஜிஸ்டர்ல இருக்கே. அங்க பாறை சரியில்ல. பனி வேற."

ஜெனோவா ரெஜிஸ்டரைப் பார்த்தார். பன்னிரண்டு வரியும் அழகான கையெழுத்தில் இருந்தன. அதை மறுபடி ஆணியில் மாட்டினார்.

ஐப்பசி இரண்டாம் வாரம் திங்கட்கிழமை முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை விட்டுவிட்டுப் பெய்தது. ஜெனோவா சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். வைரவன் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். பதினொன்று இருபதுக்கு ஒன்பதாம் பெட்டி பேசியது.

வைரவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினொன்று முப்பதுக்கும் பேசியது, பதினொன்று நாற்பதுக்கும் பேசியது. திருகின அன்று எவ்வளவு தெளிவாகக் கேட்டதோ அதே அளவு. அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. உடனே மதுரைக்குப் போன் போட்டார்.

"ஒன்பது சரியாயிருச்சு மேடம்."

"தானாவா?"

"தானாத்தான். நான்தான் சொன்னேனே, பனின்னு."

ஜெனோவா பழைய கேள்வியையே கேட்டார்.

"அறையில வச்சுப் பார்த்தீங்கல்ல சார்?"

"பார்த்தேன் மேடம்."

"சரி சார்."

மூன்று மணிக்கு எஸ்டேட் சூப்பரவைசர் கூப்பிட்டார்.

"சார், தவசி காலையில ரவுண்ட்ஸ் போனவன் இன்னும் வரல. பெட்டியப் பார்க்க நீங்க எதுவும் வரச் சொன்னீங்களா?"

"இல்லையே."

"குடை கிழக்க ஓடையில கிடக்கு. தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்னு பயமா இருக்கு. ஆளுக எல்லாம் ஓடையிலதான் தேடுறாங்க. இங்க நெட்டும் இல்ல, பெட்டிக் கணக்கும் பார்க்க முடியல."

வைரவன் போனை வைத்தார். திரையில் ஒன்பது இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் பேசியிருந்தது. ஒன்பது இருப்பது மேற்குச் சரிவில். மற்ற பதினொரு பெட்டிகளில் எப்போதாவது கேட்பவை எல்லாம் பதின்மூன்று டிகிரி என்றன. ஒன்பது பதினெட்டு என்றது.

அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்சம் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது தெரிந்தது. அதனால் திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு இந்த இடத்தில் அந்த மனிதர்மேல் ஆத்திரம் வருகிறது. வாயைத் திறந்தால் பன்னிரண்டு கையெழுத்தும் பொய்யாகிவிடும், மெமோ வாங்காத முப்பத்தைந்து வருடமும் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். 

புதன்கிழமை மத்தியானம் ஜெனோவா வந்தார். பையைக்கூட இறக்காமல் திரையைப் போட்டார். ஒன்பதின் கணக்கை மேலிருந்து கீழே படித்தார்.

"நேத்து மட்டும் ஒன்பதுல ஏன் சார் சூடு?"

ஜெனோவா திரையில் விரலை வைத்து ஓட்டினார்.

"காலையில பதினெட்டு. சாயங்காலம் ஆறு வரைக்கும் பதினெட்டு. அப்புறம் பதினேழு, பதினாறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மத்த பெட்டிகளோட சேர்ந்துருச்சு. ஆனா இன்னமும் தெளிவாத்தான் பேசுது."

வைரவன் எழுந்து நின்றார். போலீஸ்காரர் நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

"மேடம், நான் அறையில வச்சுப் பார்க்கல."

"எதை?"

"எதையுமே. கையில வச்சுத்தான் பார்த்தேன். கையில இருந்தாத்தான் அது பேசும்."

ஜெனோவா திரும்பி ஒன்பதைப் பார்த்தார். பன்னிரண்டு பத்துக்குப் பேசியிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு இருபதுக்கும் பேசியது.

"அப்ப அதைப் பிடிச்சுக்கிட்டு அங்க ஒருத்தர் இருக்காரு" என்றார் ஜெனோவா.

சூப்பரவைசருக்குப் போன் போட்டு ஒரே வரி சொன்னார். ஓடையை விட்டுவிட்டு மேற்குச் சரிவில் ஒன்பதாம் பெட்டிக்குப் போங்கள்.

அதன் பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கின் ஜன்னலில் பனி வந்து ஒட்டியது. பன்னிரண்டு முப்பது, பேசியது. பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு ஐம்பது, ஒரு மணி. ஒவ்வொரு தடவையும் வைரவன் மூச்சை விட்டார். ஒன்று பத்துக்கும் பேசியது.

ஒன்று இருபதுக்குப் பேசவில்லை.

"எடுத்துட்டாங்க" என்றார் ஜெனோவா.

பிறகுதான் போன் அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வழுக்கி விழுந்ததில் தவசிக்கு இடது கால் முறிந்திருந்தது. குடையைக் காற்று ஓடைக்கு அடித்துப் போயிருக்கிறது. இருநூறு அடி ஊர்ந்து வந்திருக்கிறான். கட்டையைக் கால்களால் அணைத்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, பெட்டி நெஞ்சில் படும்படி கட்டிப்பிடித்திருந்தான். கையைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது என்று சூப்பரவைசர் சொன்னார். உயிர் முதல் நாள் சாயங்காலமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

போனை வைத்த பிறகு வைரவன் கேட்டார்.

"நேத்து சாயங்காலமே போயிட்டான்னா, இன்னைக்கு ஒரு மணி வரைக்கும் எப்படி மேடம் பேசுச்சு?"

"உடம்புல தண்ணி இருக்கு சார். உப்பு இருக்கு. பெட்டிக்கு அது போதும்."

"நேத்து பதினொரு மணிக்கு நான் சொல்லியிருந்தா?"

"நானும் ரெண்டு தடவை கேட்டேன் சார். உங்களைத்தான் கேட்டேன். கதவைத் திறந்து நானே வச்சுப் பார்த்திருக்கணும்."

அவர் அழுதார். வைரவனுக்கு அழக்கூட வரவில்லை.

பன்னிரண்டு பெட்டிகளையும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். சரிவில் வேறு நல்ல பெட்டிகளை ஜெனோவா தன் கையாலேயே வைத்துவிட்டு வந்தார். கழற்றியவற்றை மூன்று நாள் அடுப்பு மேட்டில் காயவைத்து, புதிய பேட்டரி போட்டார்கள். சுருள்களை மட்டும் மாற்றவில்லை. எப்படி இருந்தனவோ அப்படியே அறையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஜெனோவா சொல்லிவிட்டார்.

பார்க்க வேண்டிய அன்று காலையில் தவசியின் மனைவி ராக்கு வந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"அந்தப் பொட்டியில கடசியா அவுக என்ன சொன்னாக?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியில் பேச்சு வராது, எண்தான் வரும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஜெனோவா சொன்னார்.

"இங்கதான் இருக்கேன்னு சொன்னாருக்கா."

"எத்தன வாட்டி?"

"நூத்தம்பத்தாறு தடவை."

ராக்கு அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அம்புட்டு வாட்டி சொல்லியும் யாருக்கும் கேக்கலியா?"

வைரவன் எழுந்தார்.

"எனக்குக் கேட்டுச்சும்மா."

அவள் அவரைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுலயிருந்து கேட்டுச்சு. என் தப்பு வெளிய தெரிஞ்சுரும்னு சொல்லாம இருந்துட்டேன்."

ராக்கு திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் ஜெனோவா பக்கம் திரும்பினாள்.

"அதக் கொஞ்சம் குடும்மா."

ஜெனோவா ஒன்பதாம் பெட்டியைக் கொடுத்தார். ராக்கு அதை நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கண்ணை மூடவில்லை, அழவும் இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்தபடி பத்து நிமிடம் நின்றாள். பிறகு பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் மூடுபனி இறங்கியது. வைரவன் பெட்டிகளை ஒவ்வொன்றாக அறைக்குள் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

ஒன்றாம் பெட்டி. முள் படுத்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. கையெழுத்து.

இரண்டாம் பெட்டி. முள் படுத்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. கையெழுத்து.

ஒவ்வொரு தடவையும் படுத்த முள்ளைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பார்த்தார். பதினொரு பெட்டியும் முடிந்தன. ஒன்பதை ஜெனோவா கடைசிக்கு வைத்திருந்தார்.

வைரவன் அதை ஸ்டூலில் வைத்தார். கையை எடுத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். கண்ணாடியில் முகத்தை வைத்தார்.

முள் சிவப்புக் கோட்டில் நின்றது.

அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். பெட்டியைத் துணியால் துடைத்து, திறந்து, உள்ளே ஈரம் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, மூடினார். மறுபடி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

முள் கோட்டிலேயே இருந்தது. முற்றிலும் அசையாமலும் இல்லை. லேசாக ஏறியது, லேசாக இறங்கியது, மறுபடி ஏறியது. தன் மூச்சோடுதான் அது ஏறி இறங்குகிறது என்று வைரவனுக்குத் தோன்றியது. அவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். முள் ஏறியது, இறங்கியது.

"மேடம்" என்றார்.

ஜெனோவா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியில் அவர் மூச்சு பட்டு வெள்ளை பூத்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நகர்ந்து வைரவனுக்கு இடம் விட்டார்.

"எழுதுங்க சார்."

வைரவன் பேனாவை எடுத்தார். ஒன்பதாம் பெட்டி என்று எழுதினார். முள் சிவப்புக் கோட்டில் என்று எழுதினார். அடுத்த வாக்கியத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"உள்ள யாரும் இல்ல மேடம்" என்றார். இன்னொரு தடவை சொன்னார். "உள்ள யாரும் இல்ல."

ஜெனோவா ரெஜிஸ்டரின் பக்கங்களைப் பின்னால் புரட்டி, ஒன்பதாம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எழுதிய பழைய வரியில் விரலை வைத்தார்.

"போன தடவையும் இதையேதான் எழுதியிருக்கீங்க சார்."